ஈச்சம்பாறைக்குப் பெய்ய வேண்டிய மழை

ஒச்சம்மாள் தன் ஊர் மழையைக் கண்டுபிடித்தது அரசமடைச் சத்திரத் தெருவில். சந்தையில் மலைவாழைத் தார்களை இறக்கிவிட்டு, சித்திரை வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் குறுக்கு வழியாகப் போனவள், ஒரே ஒரு வீட்டு வாசலில் மட்டும் மழை கொட்டுவதைப் பார்த்து நின்றாள். வாசலில் நாற்காலி போட்டு, குடை பிடித்தபடி ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றித் தெருப் பெண்கள் குடமும் அண்டாவும் வைத்து, நிரம்ப நிரம்ப எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. எந்தக் குழாயடியிலும் நடக்கும் சண்டைதான் அங்கேயும் நடந்துகொண்டிருந்தது.

ஒச்சம்மாளும் வேடிக்கை பார்க்கவில்லை. போய்க் கையை நீட்டினாள். கை விறைத்தது. ஒரு வாய் பிடித்துக் குடித்தாள். ஆரஞ்சுப் பூவும் மட்கின காட்டு இலையும் கலந்த வாசம் மூக்கில் ஏறியது. தொட்டில் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து கூரையில் கேட்ட மழை அது, அடையாளம் தெரியாமல் போகுமா?

"அடப்பாவி மழையே, இங்கிட்டா வந்து கெடக்க?" என்றாள்.

குடைக்குள்ளிருந்து அந்தப் பெரிய மனிதர் எட்டிப் பார்த்தார். ஒச்சம்மாளுக்கு அவரைத் தெரிந்துவிட்டது. தை மாதத்தில் அவர் உள்ளங்கையில் ஈச்சம்பாறை மண்ணை வைத்தவளே அவள்தான்.

அந்தக் கதையைச் சொன்னால்தான் இந்த மழையின் கதை விளங்கும். நெல்லியாறு பிறப்பது ஈச்சம்பாறையில், பிறந்து மலையிறங்கி, அரசமடைக்கு வந்து வயலுக்கும் குழாய்க்கும் சாயப்பட்டறைக்கும் பங்காகி, அப்புறம் ஆறு என்று சொல்லிக்கொள்ளும்படி மிச்சமில்லாமல் போய்ச் சேரும். அந்த ஆற்றைக் காப்பாற்ற நெல்லியாற்று நீர்ப்பிடிப்புப் பாதுகாப்பு வாரியம் என்று ஒன்று ஏற்பட்டு, வயல்காரர்களுக்கு நாற்காலி, நகராட்சிக்கு நாற்காலி, பட்டறைக்காரர்களுக்கு நாற்காலி, வியாபாரிகளுக்கு நாற்காலி என்று வரிசையாகப் போட்டு, கடைசியில் மலை ஊர்களுக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். போட்டவர்களே ஒரு விதியும் எழுதினார்கள்: உறுப்பினர் காலை பத்து மணிக் கூட்டத்துக்குத் தவறாமல் வரக்கூடியவராக இருக்க வேண்டும். மலையிலிருந்து இறங்குவது ஒரே ஒரு பஸ். அது அரசமடைக்கு வந்து சேருவது உச்சிவெயிலில். ஆகவே மலைக்காரர் எவரும் மலையின் உறுப்பினராக முடியாது என்பது யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்லாமலே முடிவாகிவிட்டது. மலை நாற்காலியில் அரசமடைக்காரர் ஒருவரை வாரியமே நியமித்தது. இந்தத் தடவை நியமனமானவர் தெய்வசிகாமணி, சத்திரத் தெருக் கல்யாண மண்டபத்தின் முதலாளி. மண்டபத்துப் பந்திக்கு வாங்குகிற மலைவாழைப் பழத்தைத் தவிர மலையோடு அவருக்கு வேறு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பதவி வந்ததும் ஜீப் வைத்துக்கொண்டு ஈச்சம்பாறைக்கு ஒரு நடை வந்தார். மாலை போட்டார்கள், ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்கள். பேசினார், தும்மினார், கிளம்பினார். கிளம்பும்போதுதான் அந்த ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பை அந்த ஊர்க்காரர்கள் செய்தார்கள். ஊருக்காக எவர் எங்கே போனாலும், சாமிக்குக் குதிரை செய்யச் சொல்லக் குயவரிடம் போனாலும் சரி, சம்பந்தம் பேசப் போனாலும் சரி, ஓடைக் கரையில் ஒரு பிடி மண் எடுத்துக் கையில் வைத்து அனுப்புவது அவர்கள் வழக்கம். பிடிமண் வாங்கியவன் பேசினால் ஊர் பேசியதாகக் கணக்கு. இவர் நமக்காக உட்காரப் போகிறவர் அல்லவா, இவருக்குக் கொடுக்காமல் எப்படி என்று மரியாதையாகக் கொடுத்துவிட்டார்கள். அவரும் விபூதிபோல ஏதோ என்று நினைத்து வாங்கி, சட்டைப் பையில் போட்டு, ஊருக்கு வந்து துளசிச் செடியில் உதறினார். இவர் யார், ஊர் தேர்ந்தெடுத்த ஆளா, எங்கே இருப்பவர் என்றெல்லாம் மண்ணுக்கு விசாரிக்கத் தெரியாது.

அன்றிலிருந்து ஈச்சம்பாறையில் மழை இல்லை. மேகம் வராமல் இல்லை, வரும். மலை முகட்டில் வந்து நின்று, கல்யாண வீட்டில் தெரிந்த முகம் தேடுகிறவர்களைப்போலக் கொஞ்ச நேரம் பார்க்கும். அப்புறம் பஸ் போகும் பாதையில் வளைந்து வளைந்து கீழே இறங்கிப் போய்விடும். மாசியில் வர வேண்டிய பூமழை வராமல் காப்பி பூக்கவில்லை. பங்குனியில் ஓடை பாறைக்குள் சுருண்டுகொண்டது. வீடு வீடாகப் பூட்டிவிட்டுத் திருப்பூருக்குப் போனார்கள். ஒச்சம்மாள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் பூட்டுத் தொங்கியது. அவள் புருஷனும் "வா போவோம்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தான். தன் கையால் நட்ட ஆரஞ்சு மரங்களை விட்டுவிட்டுப் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டப் போக வேண்டும் என்று நினைக்கவே அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் அடுத்த பூட்டு தன் வீட்டுக்குத்தான் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

அரசமடையோ மழையைத் தன் வீட்டுப் பிள்ளையாக வளர்த்துக்கொண்டிருந்தது. முதலில் கடைவீதியில் தெய்வசிகாமணி மேல் மட்டும் தூறியபோது, மாடியிலிருந்து எவனோ தண்ணீர் ஊற்றுகிறான் என்று அவர் அண்ணாந்து திட்டினார். மூன்று தெரு தள்ளியும் தூறியபோது டாக்டரிடம் போனார், டாக்டர் ஜலதோஷ மாத்திரை எழுதிக் கொடுத்து அவரைக் கண்டிப்பாக வெளியே உட்காரச் சொன்னார். காலையில் அவரைச் சுற்றி மூடுபனி நிற்கும். சாயங்காலம் நாலு மணிக்கு மலையில் பெய்கிற மாதிரியே பிசகாமல் பெய்யும். காலுறைக்குள் அட்டை ஊரும். பிறகு வாரம் திரும்புவதற்குள் ஊர் பழகிவிட்டது. டீக்கடைக்காரர் அவருக்கு மட்டும் கண்ணாடி டம்ளருக்கு மேல் மூடி போட்டுக் கொடுத்தார். சவரக் கடைக்காரர் சவரத்தோடு அட்டையும் எடுத்தார். கடலை போட்டவர்கள் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள், "ஐயா அரை நாள் நம்ம காட்டுல வந்து உக்காரணும்" என்று. அவரும் பிளாஸ்டிக் உறைக்குள் பேப்பரை வைத்துப் படித்துக்கொண்டு வரப்பு வரப்பாக உட்கார்ந்தார். கோயில் தெப்பக்குளத்தைச் சுற்றி அவரை நடத்தினார்கள், குளம் நிரம்பியது. அவருக்குச் சிலை வைக்கலாமா என்றுகூட ஒரு பேச்சு வந்தது. அவர் மனைவி சௌந்தரவல்லி ஒருத்தியைத் தவிர ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது.

சௌந்தரவல்லிதான் அன்றைக்கு ஒச்சம்மாளை உள்ளே கூப்பிட்டாள். வீட்டில் சுவரெல்லாம் பாசி. கட்டில் காலில் காளான் முளைத்திருந்தது.

"இது உங்க ஊரு மழையா தாயி? நல்லாருப்ப, கையோட கூட்டிட்டுப் போயிரு. நாலு மாசமா ஒரு துணி காயல. மண்டபத்துல தாலி கட்டுற நேரத்துக்கு இவுக உள்ள வந்து அக்கினியவே அணைச்சுப்புட்டாக. அந்தப் பொண்ணு வீட்டுக்காரவுக இன்னமும் எங்களோட பேசுறதில்ல."

தெய்வசிகாமணி மறுக்கவில்லை. பெருமை ஒரு பக்கம் இருந்தாலும் எலும்பு வரைக்கும் குளிர் ஏறியிருந்தது. துளசிச் செடி மண்ணையே பெயர்த்தெடுத்து நீட்டினார். "இந்தாம்மா உங்க மண்ணு. வச்சுக்கங்க. ஆள விடுங்க."

ஒச்சம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "குடுத்த மண்ணத் திருப்பி வாங்குற பழக்கம் எங்களுக்கு இல்லங்கய்யா. வாங்கினாலும் மழை வராது. அது மண்ணுக்குப் பெய்யல, உங்க நாக்காலிக்குப் பெய்யுது."

அடுத்த வாரம் மலை ஊர்களிலிருந்து ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வாரிய அலுவலகத்துக்கு வந்தாள். செயலாளர் கோதண்டபாணி கெட்டவர் இல்லை. ஆனால் விதி என்று ஒன்று இருந்தால் அதைத் தாண்டிச் சிறுநீர் கழிக்கக்கூடப் போகமாட்டார்.

"மழை எங்க பெய்யணும்ங்கறது வாரியத்தோட வரம்புக்குள்ள வராதும்மா."

"மழை வேணாம் சார். உறுப்பினரு எங்க ஆளா இருக்கட்டும். மழை தானா வரும்."

"உங்க ஆளு பத்து மணிக்கு வர முடியாதே?"

"கூட்டத்த மத்தியானம் வைங்க."

"மத்தியானம் மத்த உறுப்பினருங்க சாப்பிட்டுப் படுப்பாங்க" என்று உண்மையைச் சொல்லிவிட்டார் கோதண்டபாணி.

அவள் கேட்டதில் ஒரு பலன் கிடைத்தது, அதுவும் தலைகீழாக. மலைக்காரர்கள் மழையைக் கேட்டு வந்திருக்கிறார்கள் என்ற செய்தி அரசமடையில் பரவியதும் கடலைக்காரர்களும் பட்டறைக்காரர்களும் விழித்துக்கொண்டார்கள். அடுத்த கூட்டத்தில் தெய்வசிகாமணியை ஆயுள் முழுக்க மலை உறுப்பினராக்கத் தீர்மானம் வரும் என்று பலகையில் எழுதி ஒட்டினார்கள். அதைப் படித்த அன்று ஒச்சம்மாள் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மலையேறும் வரைக்கும் அழுதாள். அந்த மனிதருக்கு ஆயுசு கெட்டி என்று பார்த்தாலே தெரிந்தது.

அழுது முடித்தபோது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வழக்கத்தால் வந்த வினையை வழக்கத்தாலேயே பிடித்தால் என்ன? பிடிமண் வாங்கியவன் காரியம் முடிகிறவரைக்கும் ஈச்சம்பாறையில்தான் கை நனைக்க வேண்டும், ஈச்சம்பாறையில்தான் தலை சாய்க்க வேண்டும். அதுவும் வழக்கம்தான். இத்தனை நாள் யாரும் அதை அவரிடம் வற்புறுத்தவில்லை, அவ்வளவே. ஆகவே மறுநாளே மலைக்காரர்கள் உறுமி மேளத்தோடும் பழத்தட்டோடும் சத்திரத் தெருவுக்கு வந்து, "எங்க உறுப்பினரு எங்க ஊர்ல இருந்தாத்தான எங்களுக்குப் பெருமை" என்று விழுந்து கும்பிட்டார்கள். மேளமும் மாலையும் கண்டால் தெய்வசிகாமணி தன்னை மறந்துவிடுவார். சௌந்தரவல்லி பெட்டியை முன்னமே கட்டி வைத்திருந்தாள்.

கடலைக்காரர்கள் பஸ்ஸை மறித்தார்கள். "எங்க மழைய எங்கய்யா ஏத்திட்டுப் போறீங்க?"

"உங்க மழையா?" என்று ஒச்சம்மாள் படியில் தொங்கிக்கொண்டு கேட்டாள். "சரிண்ணே. உங்க மழைன்னா வாசம் பிடிச்சுப் பாத்து அதுல என்ன பூ இருக்குன்னு சொல்லுங்க. எறக்கி விட்டுடறோம்."

அவர்கள் முகர்ந்து பார்த்தார்கள். ஒருவர் மல்லிகை என்றார். டிரைவர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

அப்படியாக ஈச்சம்பாறைக்கு மழை திரும்பியது, ஆனால் ஒரு ஆள் அகலத்துக்கு. தெய்வசிகாமணியைக் கட்டிலோடு தூக்கித் தோட்டம் தோட்டமாக வைத்தார்கள். வைத்த இடம் குளிர்ந்தது, வைக்காத இடம் காய்ந்தது. இன்றைக்கு என் காப்பிக்கு, நாளைக்கு என் பீன்ஸுக்கு என்று ஆரம்பித்து, ஒரு கட்டிலின் நாலு காலையும் நாலு பேர் நாலு பக்கம் இழுக்கிற நிலைமைக்கு வந்தது. கூடப் பிறந்த அண்ணன் தம்பி வரப்பில் கட்டிப் புரண்டார்கள். ஒச்சம்மாளும் சும்மா இருக்கவில்லை; மதியச் சோற்றில் கோழிக்குழம்பு ஊற்றி, அவரைத் தன் ஆரஞ்சு மரத்தடியிலேயே தூங்க வைத்துவிட்டாள். பக்கத்துத் தோட்டத்துக்காரி வந்து மண்ணை வாரித் தூற்றினாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அரசமடைக்காரர்கள் செய்ததைத்தான் தானும் செய்துகொண்டிருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது. ஊர் மழையை ஒரு ஆள் தலையில் கட்டினால் ஊரே அந்த ஆள் பின்னால் கட்டிலைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான், அவன் நல்லவனாக இருந்தாலும், நம்மவனாகவே இருந்தாலும்.

தெய்வசிகாமணி மலையில் மெலிந்தார், கறுத்தார், அட்டைக்குப் புகையிலை தேய்க்கக் கற்றுக்கொண்டார். மாதத்தில் பாதி நாள் பஸ் வராது என்பதையும், வராத நாளில் பிரசவ வலி வந்தால் டோலி கட்டித்தான் இறக்குவார்கள் என்பதையும் கண்ணால் பார்த்தார். "இதையெல்லாம் ஏம்மா வாரியத்துல எவனும் சொல்லல?" என்று ஒருநாள் ஆத்திரத்தோடு கேட்டார்.

"சொல்ல வேண்டிய ஆளு நீங்கதாங்கய்யா" என்றாள் ஒச்சம்மாள்.

கூட்ட நாள் வந்தது. மலையிலிருந்து இறங்கும் ஒரே பஸ்ஸில் தெய்வசிகாமணியையும் ஏற்றிக்கொண்டு, ஒச்சம்மாளும், மலை ஊர் ஒவ்வொன்றிலிருந்தும் வந்த ஆட்களும், கூரை மேல் பலாப்பழமுமாகக் கிளம்பினார்கள். ஆயுள் உறுப்பினர் வந்து சேரும்வரை காத்திருப்பார்கள், தீர்மானம் நிறைவேறும் முன்னே போய் ஒரு தடவையாவது எழுந்து நின்று பேசிவிட வேண்டும் என்பதுதான் அவள் திட்டம். பஸ்ஸுக்குள் ஜன்னலோரச் சீட்டில் மட்டும் மழை பெய்தது, கண்டக்டர் குடைக்குள் நின்று டிக்கெட் கிழித்தார். கடைசிக் கொண்டை ஊசி வளைவு திரும்பும்போது மழை சட்டென்று நின்றது.

தெய்வசிகாமணி தலையைத் தடவிப் பார்த்தார். குடையை மடக்கினார். "நின்னுபோச்சு! ஏய், நின்னுபோச்சுப்பா!" என்று எழுந்து ஆடாத குறை. பஸ்ஸில் வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. ஒச்சம்மாள் எட்டிப் பார்த்தாள். அவர்கள் தலைக்கு மேலேயே வந்துகொண்டிருந்த மேகம், பஸ்ஸை முந்திக்கொண்டு அரசமடைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. போச்சு, நம்மை விட்டுப் போயே போச்சு என்று நினைத்தாள்.

அரசமடையில் நடந்தது இதுதான். பத்து மணிக்குக் கூட்டம் கூடியது. ஆயுள் உறுப்பினராக வேண்டியவர் வரவில்லை. காத்திருப்போம் என்றார் தலைவர். கோதண்டபாணி எழுந்து விதியைப் படித்தார். மலைக்காரர்களைத் தடுத்துவந்த விதிதான், ஆனால் மலையிலிருந்து வருகிறவர் எவராக இருந்தாலும் தடுக்கும்படி எழுதிய விதி அல்லவா அது? கடலைக்காரர்கள் கெஞ்சினார்கள். விதி என்றால் விதி என்று கோதண்டபாணி தெய்வசிகாமணியின் பெயரை அடித்தார். அடித்த மை காயும் முன்னே, கூரையிருக்கிற கூட்ட அறைக்குள், மலை உறுப்பினரின் காலி நாற்காலி மேல் மழை பிடித்துக்கொண்டது.

பஸ் வந்து சேர்ந்தபோது அலுவலக ஜன்னல்களிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் தெருப் பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றிருந்தார்கள். உள்ளே உறுப்பினர்கள் மேஜை மேல் சம்மணம் போட்டிருந்தார்கள். நாற்காலி காலியாக இருப்பதால்தானே பெய்கிறது என்று பட்டறைக்காரர் ஒருவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார், மழை ஆலங்கட்டியாகிவிட்டது. வியாபாரி உட்கார்ந்து பார்த்திருக்கிறார், கழுத்துவரை அட்டை ஏறிவிட்டது. தலைவர் வாசலில் ஒச்சம்மாளைக் கண்டதும் ஜன்மத்தில் யாரையும் கூப்பிடாத மரியாதையோடு கூப்பிட்டார்.

"வாம்மா, வா. நீயே உக்காரு. இப்பவே உன்னை நியமிக்கிறேன். எப்படியாவது இது நின்னாச் சரி."

ஒச்சம்மாள் முழங்கால் தண்ணீரில் நடந்து நாற்காலிக்குப் பக்கத்தில் போனாள். கையை அதன் முதுகில் வைத்தாள். உட்கார்ந்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும். இத்தனை பாடும் இதற்குத்தானே? பின்னால் அவள் ஊர்க்காரர்கள் நின்றார்கள். அவளுக்குக் கட்டிலும், கோழிக்குழம்பும், மண்ணை வாரித் தூற்றிய பக்கத்துத் தோட்டத்துக்காரியும் நினைவுக்கு வந்தார்கள்.

"மாட்டேங்கய்யா" என்றாள். "நீங்க உக்காரச் சொல்லி நான் உக்காந்தா, நானும் இன்னொரு தெய்வசிகாமணிதான். எங்க ஆள நாங்க சொல்லணும். மலையில இருக்கிற ஊரு பூராம் கூடிச் சொல்லணும். பஸ்ஸு வந்தப்புறம்தான் கூட்டம். இத எழுதுங்க. எழுதி முடிக்கிற வரைக்கும் நான் நின்னுக்கிட்டே இருக்கேன். எங்களுக்கு நனையிறது புதுசில்ல."

"விதிய இப்படித் திடீர்னு..." என்று கோதண்டபாணி ஆரம்பித்தார். அவர் கையிலிருந்து நழுவிய விதிப் புத்தகம் தண்ணீரில் மிதந்து ஜன்னல் வழியாக வெளியே போனது.

அப்போது தெய்வசிகாமணி முன்னால் வந்தார். காய்ந்த தலையோடு அவரைப் பார்த்து நாளாகியிருந்ததால் பலருக்கு அடையாளம் தெரியவில்லை. "எழுதுய்யா!" என்று கத்தினார். "பத்து மணிக்கு வர முடியாதுய்யா அங்க இருந்து! நான் வந்தேன்ல? கோழி கூவுறப்ப கெளம்பி, இப்பத்தான் வந்து எறங்குறேன். அந்த நாக்காலியில நான் உக்காந்தது தப்பு. ஒரு நாளும் எனக்கு அது பொருந்தல. எழுது!"

மேஜை மேல் உட்கார்ந்தபடியே எழுதினார்கள். தண்ணீர் மேஜையைத் தொடும்போது கையெழுத்துப் போட்டார்கள். அப்புறம் ஒச்சம்மாள் வாசலைப் பார்த்துத் திரும்பி, "யாருங்க நம்ம ஆளு? சொல்லுங்க" என்று கேட்டாள். மலை ஊர்க்காரர்கள் யோசிக்கவே இல்லை. எல்லாக் கையும் ஒன்றாக உயர்ந்தது, முதல் கை பக்கத்துத் தோட்டத்துக்காரியுடையது. "எனக்கு உன்னப் பிடிக்காது மதினி, ஆனா நீதான் உக்காரணும்" என்றாள் அவள். தெருப் பெண்களும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையைத் தூக்கினார்கள். உங்களுக்கு இதில் ஓட்டு இல்லை என்று கோதண்டபாணி அவர்களுக்கு எடுத்துச் சொன்னார்.

ஒச்சம்மாள் உட்கார்ந்தாள். மழை நின்றது.

எல்லாரும் அவள் தலைக்கு மேலே பார்த்தார்கள். ஒரு சொட்டு இல்லை, ஒரு இழை மேகம் இல்லை. அன்றைய கூட்டத்தில் அவள் ஓடைக்கரை மரம் வெட்டுவதைப் பற்றியும், பட்டறைக் கழிவைப் பற்றியும், பஸ்ஸைப் பற்றியும் பேசியது ஒவ்வொன்றும் எழுதப்பட்டது. மலைக்காரர் ஒருவர் பேசி அந்த வாரியம் எழுதியது அதுதான் முதல் தடவை. பேசிக்கொண்டே அவள் இரண்டு தடவை தன் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

திரும்பும் பஸ்ஸில் பாட்டும் சீட்டியும் ஆட்டமுமாக ஏறியவர்கள், மலை ஏற ஏற அடங்கினார்கள். ஒவ்வொரு வளைவிலும் யாராவது ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டி வானத்தைப் பார்த்து, அப்புறம் அவள் தலையைப் பார்த்தார்கள். ஒருவர் கேட்டே விட்டார், "உனக்கு ஏதும் ஈரமாத் தெரியுதா ஒச்சு?" இல்லை என்று தலையாட்டினாள். நாற்காலியைப் பிடித்து மழையை விட்டுவிட்டோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. எல்லாரையும் ஏமாற்றிவிட்டோமே என்று நினைத்தாள்.

ஈச்சம்பாறையில் இறங்கினார்கள். மஞ்சள் வெயில் காய்ந்தது. ஊரில் மிச்சமிருந்த அத்தனை பேரும் குடமும் அண்டாவும் தூக்கிக்கொண்டு ஓடி வந்து அவளைச் சுற்றி வைத்தார்கள். அவளைக் கட்டிலில் உட்காரச் சொன்னார்கள். அவள் புருஷன்கூட ஒரு வாளியோடு நின்றான். ஒச்சம்மாள் உட்கார்ந்தாள், நேரம் போனது, பாத்திரங்கள் காலியாக இருந்தன. அவள் எழுந்து, "என் மேல வராதுங்க. வந்தா, மறுபடியும் கட்டிலத்தான் தூக்கணும்" என்றாள்.

முதல் துளி ஊர்க்கோடியில் ஒரு ஆட்டின் முதுகில் விழுந்தது. அடுத்தது பூட்டிக்கிடந்த ஒரு வீட்டு ஓட்டில். அப்புறம் காப்பித் தோட்டம், பீன்ஸ் பந்தல், அண்ணன் வயல், தம்பி வயல், பாறை, ஓடை, பக்கத்து மலை, அதற்கப்புறமிருந்த ஊர்கள் என்று ஆளைப் பார்க்காமல், பேரைக் கேட்காமல், அகலமாக, இடி முழக்கத்தோடு இறங்கியது. குடத்தை வைத்தவர்கள் குடத்தை மறந்துவிட்டுக் கையை விரித்துக்கொண்டு ஆடினார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரி ஒச்சம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நெல்லியாற்று நீர்ப்பிடிப்புப் பாதுகாப்பு வாரியத்தின் மலை உறுப்பினர் ஒச்சம்மாள் அவளோடு சேர்ந்து தொப்பலாக நனைந்தாள், ஊரில் மற்ற எல்லாரும் எவ்வளவு நனைந்தார்களோ அவ்வளவு.